எந்த லியூசிப்பஸ்: அணுக்காரரா, இளவரசனா?

பண்டைய கிரேக்கத்தைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்தப் பெயரில் தடுமாறுகிறார்கள்: அணுக் கொள்கை பேசிய ஒரு தத்துவஞானிக்கும், புராணத்து இளவரசன் ஒருவனுக்கும் இதே பெயர்.

ஆதாரம்
தத்துவஞானி: கி.மு. 5ஆம் நூற்றாண்டு, அணுக் கொள்கையால் பெயர்பெற்ற டெமாக்ரிட்டஸுக்கு முன்னோடி. அப்படி ஒருவரே இல்லை என்று பின்னால் வந்த தத்துவஞானி எபிகியூரஸ் சொன்னதாகவும் பேச்சு உண்டு.
இளவரசன்: புராணம்தான். ஆனால் பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் கதையை ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார் (வேடிக்கைதான்!).

கிடைப்பது
தத்துவஞானி: ஒரே ஒரு வாக்கியம். எதுவும் சும்மா நடப்பதில்லை, எல்லாம் காரணத்தோடும் கட்டாயத்தாலும் நடக்கிறது என்பது அதன் சாரம்.
இளவரசன்: நதிக்கு நேர்ந்து வளர்த்த கூந்தலைப் பெண்போல் பின்னிக்கொண்டு, தான் காதலிக்கும் டாஃப்னி என்ற கன்னியோடு வேட்டைத் தோழியாகச் சுற்றுகிறான். அவளை விரும்பும் கடவுள் அப்பல்லோவுக்குப் பொறாமை, பெண்களுக்கு லாடன் ஆற்றில் நீந்த ஆசை மூட்டுகிறான். ஆடை களையத் தயங்கியவனின் வேடம் கலைகிறது. ஈட்டியாலும் குத்துவாளாலும் கதை முடிகிறது.

சரி, யாருக்கு எது? அறிவியல் வரலாறு தேடினால் தத்துவஞானி, ஆனால் டெமாக்ரிட்டஸோடு சேர்த்துத்தான். ஒரு மாலைக்குக் கதை போதுமென்றால் இளவரசன்.