பத்து நிமிட ஆபரேஷன், நாலு மாத வைத்தியம்

திருப்பூரில் இருபத்தாறு வருடமாக கட்டிங் மாஸ்டர் நான். வலது மோதிர விரலை மடக்கினால் நிமிராது. இடது கையால் இழுத்தால் 'டக்'கென்று விடும். ட்ரிகர் ஃபிங்கர் என்றார்கள். விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையில் ஒரு வளையத்துக்குள் சிக்கிக்கொள்கிறதாம். சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும், எனக்கும் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு ஊசி இரண்டு மாதம் தாங்கியது. அப்புறம்தான் உள்ளூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளங்கையை மட்டும் மரக்க வைத்து, பத்தே நிமிடம். டேபிளிலேயே விரலை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர், சிக்காமல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன்.

தையல் பிரித்த பிறகுதான் வினை. கை முழுக்க வீங்கி, தோல் பளபளவென்று மின்னியது. ஃபேன் காற்று பட்டாலே தீயாக எரியும். "ஏனுங்க, கை பன்னாட்டம் இருக்குது!" என்று வீட்டுக்காரி பயந்துவிட்டாள். மூன்று முறை போன் செய்தேன். "ஆபரேஷன்னா வீக்கம் இருக்குமுங்க, கையத் தூக்கியே வெச்சுக்குங்க" என்றுதான் ரிசப்ஷனில் பதில். நேரில் போனால், காய்ந்த புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார் டூட்டி டாக்டர். ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்க்கவே விடவில்லை.

கோயம்புத்தூரில் கை நிபுணர் ஒருவர் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சிஆர்பிஎஸ் (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்ற வலி நோய் என்றார். சின்ன ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாக நரம்புகள் தாறுமாறாக வலியைக் கிளப்புமாம். கத்தி வைத்தவர் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் பயிற்சி தொடங்க வேண்டும். எனக்கு ஐந்து வாரம் வீணாகியிருந்தது.

தெரபி வேடிக்கையானது. வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் இடது கையைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் அசைக்க வேண்டும். அப்புறம் மெத்தென்ற துணியில் ஆரம்பித்து சொரசொரப்பான துணி வரை உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். அவர்களிடம் இருந்த துணி எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியிலிருந்து சிங்கிள் ஜெர்சி, ரிப், டர்க்கி டவல் என்று கட் பிட் எடுத்துப் போனேன். இப்போது அவர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாலாவது மாதம். எரிச்சல் போய்விட்டது, கை முழுதாக மூடவில்லை, கத்தரி அரை மணி நேரம் பிடிப்பேன். கத்தி வைத்ததற்கு நாலு ஸ்டார், அதற்குப் பிறகு கவனித்ததற்கு ஒன்று. இடது நடுவிரலும் இப்போது லேசாக 'டக்' என்கிறது. இதை ஊசியோடு நிறுத்தப் பார்க்கிறேன்.