மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போகிறவருக்கு 1 லீற்றர் ரைஸ் குக்கர்

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ மாலைதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகிறவர் பெட்டி அடுக்கும்போது குக்கரில் வந்து நிற்பார். கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா, எந்த அளவு? விடையை முதலே சொல்லிவிடுகிறோம். இங்கிருந்தே கொண்டுபோங்கள். 1 லீற்றர், 400 வாட்டுக்குக் கிட்ட, கீழே அமத்தும் சுவிட்ச் உள்ள சாதாரண குக்கர், ஆவித்தட்டுடன். திரையும் பொத்தான்களும் உள்ள டிஜிட்டல் குக்கரை விட்டுவிடுங்கள்.

முதல் சம்பளம் கைக்கு வரும்வரை ஒவ்வொரு நேரச் சாப்பாட்டையும் கடையில் வாங்கினால் கையிலுள்ள காசு கரைந்துவிடும். சிறு தீவுகளில் மின்சாதனக் கடை இருந்தாலும் தெரிவு குறைவு. அதனால் வந்து இறங்கிய அன்றிரவே சோறு வேகக்கூடிய ஒரு பாத்திரம் அறையில் இருப்பது பெரிய ஆறுதல். போக முன்னர் பள்ளிக்கூடத்திடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: தரும் அறையில் சமைக்கலாமா, பொதுக் குசினி உண்டா? சில விடுதிகளில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள்.

அளவு. 0.6 லீற்றர் என்றால் 3 கப், 1 லீற்றர் ஐந்தரைக் கப், 1.8 லீற்றர் 10 கப் அரிசி. ஒருவருக்கு 0.6 போதும் என்று கடைக்காரர் சொல்வார். சோறு மட்டும் என்றால் போதும்தான். ஆனால் பருப்பு வைத்தால் நுரை பொங்கி வெளியே வரும், ஆவித்தட்டு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 1.8இல் ஒன்றரைக் கப் அரிசி போட்டால் அடியில் மெல்லிய படையாகப் பரவிக் காய்ந்து பிடிக்கும். தனி ஆளுக்கு 1 லீற்றர்தான் சரியான நடு.

சாதாரண குக்கரை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் அதன் எளிமை. அடித்தட்டின் நடுவில் வில் வைத்த ஒரு குமிழ் இருக்கும், அதற்குள் காந்தம். பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடி ஏறத்தாழ 100 பாகையில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதற்கு மேலே ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் ‘டக்’ என்று மேலே எழும்பும். இவ்வளவுதான். பிழை வருவதும் இந்த இடத்தில்தான். அடித்தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை கருகி ஒட்டினாலும், பானையின் அடி நெளிந்தாலும், பானை தட்டில் முழுதாக உட்காராது. தட்டின் சூடு பானைக்குப் போகாமல் தட்டிலேயே ஏறி, உள்ளே இருக்கும் தேர்மல் ஃபியூஸ் எரிந்துவிடும். பிறகு லைட்கூடப் பற்றாது. ஊரில் ஒரு மின்திருத்துனர் சிறிது நேரத்தில் மாற்றித் தருவார், தீவில் அப்படி ஒருவரைத் தேட வேண்டும். ஃபியூஸின் மேல் அச்சடித்த பாகையும் அம்பியரும் அதே அளவாக இருக்க வேண்டும். ஃபியூஸை விட்டுவிட்டு வயரை நேரே முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அது தீப்பிடிக்கும் வேலை.

தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் அந்தந்தத் தீவின் டீசல் மின்பிறப்பாக்கியிலிருந்து வருகிறது. கரண்ட் ஏறி இறங்கும்போது டிஜிட்டல் குக்கரின் போர்ட் போனால் அதோடு முடிந்தது. சூடாக்கும் கம்பியும் காந்தமும் மட்டும் உள்ள குக்கர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

பிளக் விஷயத்தில் மாலைதீவு நமக்கு வசதி. 230 வோல்ட், நம் புது வீடுகளில் இருக்கும் அதே சதுர மூன்று பின் சொக்கெட். பழைய வட்டப் பின் வயருடன் வரும் குக்கரை வாங்காதீர்கள். வயர் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. 400 வாட் குக்கர் இழுப்பது 2 அம்பியருக்கும் குறைவு, ஆகவே பிளக்குக்குள் 3 அம்பியர் ஃபியூஸ் போதும். 13 அம்பியர் ஃபியூஸோடு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள், வயர் பழுதானால் முதலில் எரிய வேண்டியது ஃபியூஸ். கேத்தலையும் குக்கரையும் ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கொழுவ வேண்டாம்.

வளைகுடாவின் 220 முதல் 240 வோல்ட் நாடுகளுக்கும், தாய்லாந்து, வியட்நாமுக்கும் இதே குக்கர் சரிவரும். கடைசி இரண்டிலும் அடப்டர் வேண்டும். இரண்டு பின் அடப்டரில் எர்த் கிடைக்காது என்பதால் வெளியுடல் பிளாஸ்டிக்காக உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே 400 வாட் குக்கர் 80 வாட் அளவுக்கும் எட்டாது, அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். ஜப்பானுக்குப் போகிறவர் அங்கேயே வாங்கட்டும்.

இனிச் சோறு. குக்கரோடு வரும் கப் 180 மில்லிலீற்றர், அதில் அரிசி 150 கிராம் அளவு பிடிக்கும். நம் ஊரில் அரிசி அளக்கும் சுண்டு அதைவிடப் பெரிது. சுண்டால் அரிசியை அளந்துவிட்டு பானையிலுள்ள கோட்டுக்குத் தண்ணீர் விட்டால் சோறு அரைவேக்காடாகவே நிற்கும். அந்தக் கோடுகூடத் தீட்டிய வெள்ளை அரிசிக்குப் போட்டது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சிவப்பு நாட்டரிசி புழுங்கல் என்பதால் அரை மணித்தியாலம் ஊறவைத்து, 1 கப்புக்கு இரண்டேகால் கப் தண்ணீர் விட வேண்டும். மாலைதீவில் அரிசி கப்பலில்தான் வருகிறது. கடையில் நீள வெள்ளை அரிசி கிடைத்தால் 1 கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் போதும். சுவிட்ச் எழும்பியதும் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள், அடிச்சோறு பானையை விட்டுக் கழரும். ஒன்றரைக் கப் வெள்ளை அரிசிக்கு அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடியும், நாட்டரிசிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். கொப்பி திருத்த உட்கார முதல் போட்டுவிட்டால் ஒரு கட்டு முடியும்போது சோறு தயார்.

சுவிட்ச் எழும்பியபின் சூட்டைக் காத்து வைக்கும் ‘வோர்ம்’இல் ஐந்தாறு மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் சோறு மஞ்சளித்து மணக்கும். கரண்ட் போய் ஆறிய சோற்றை அப்படியே மூடி வைத்து அடுத்த நாள் சூடுகாட்டிச் சாப்பிட வேண்டாம். சோற்றில் வளரும் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, அது விடும் நஞ்சும் சூட்டில் போகாது. மிச்சத்தை ஆறியவுடன் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

பருப்புக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் வற்றினால்தான் சுவிட்ச் எழும்பும், எனவே குழம்புக்கு அது தானாக நிற்காது. போனில் 20 நிமிட அலாரம் வையுங்கள். அரைக் கப் மைசூர்ப் பருப்பு, 2 கப் தண்ணீர், மஞ்சள், உள்ளி, பச்சைமிளகாய். மூடியின் ஓரத்தில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்தால் பொங்காது. தேங்காய் முதற்பாலை ‘வோர்ம்’இல் வைத்துத்தான் விட வேண்டும், கொதியில் விட்டால் திரைந்துபோகும்.

பிட்டுக்கு அடியில் 2 கப் தண்ணீர், தட்டில் ஒரு மெல்லிய துணி, அதன்மேல் குழைத்த மாவும் தேங்காய்ப்பூவும். அமத்தாமல் தூவிவிடுங்கள், அமத்தினால் நடு வேகாது. தண்ணீர் கொதித்த பிறகு 15 நிமிடம். குழற்பிட்டின் வடிவம் வராது, ருசி வரும்.

மாசிக் கருவாடு மட்டும் கொண்டுபோகாதீர்கள். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியின் சொந்த ஊரே அதுதான், சூரைமீனும் அங்கே மலிந்து கிடக்கும். மீன்குழம்பு வைக்கும்போது ஒரு கவனம்: புளி வெறும் அலுமினியப் பானையை அரித்துக் கறுப்பாக்கும். பூச்சு உள்ள பானையில் வைக்கலாம், ஆனால் இரும்புக் கரண்டி படக் கூடாது. பூச்சு உரிந்த பானையில் புளி வேண்டாம்.

நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். காத்தான்குடியிலிருந்து போன ஆசிரியருக்கு சஹர் சோறும் நோன்புக் கஞ்சியும், ஆரையம்பதியிலிருந்து போன, நோன்பு பிடிக்காதவருக்கு அறைக்குள் அமைதியாக ஒரு மதியச் சாப்பாடும் இந்த ஒரே பானையில் நடக்கும்.

குறைகளும் உண்டு. தாளிக்க முடியாது. எண்ணெய் மட்டும் ஊற்றினால் சூடு உடனே ஏறி சுவிட்ச் எழும்பிவிடும், விரலால் பிடித்து அமத்தி வைத்தால் வில் கெட்டுப்போகும். தாளித்த மணம் இல்லாமல் முடியாதவர்கள் பிறகு ஒரு சிறு மின்னடுப்பு வாங்கத்தான் வேண்டும். அடுத்தது உப்புக்காற்று. கல்லடியில் கடலோரம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, ஜன்னலோரம் வைத்தால் அடித்தட்டும் வயர் பூட்டும் பின்களும் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் ஆறியபின் உலர்துணியால் துடைத்து, பானையின் வெளிப்புறம் ஈரமில்லாமல் பார்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

காத்தான்குடிப் பிரதான வீதியிலோ கல்முனை பஸாரிலோ வாங்கும்போது லைட் பற்றுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பானையை ஷோகேஸ் கண்ணாடிமேல் வைத்து விரலால் தட்டுங்கள், ஆடினால் வேறு பானை கேளுங்கள். கால் கப் தண்ணீர் விட்டுப் போட்டு, வற்றியதும் தானாக எழும்புகிறதா என்று நின்று பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பொதி கட்டும்போது பானைக்குள் கறித்தூளை இரட்டைப் பையில் போட்டு நிரப்பலாம், பானையும் நெளியாது. பானைக்கும் அடித்தட்டுக்கும் இடையில் ஒரு துணி வையுங்கள், நடுக் குமிழ் அடிபடக் கூடாது. மாலைதீவுச் சுங்கத்தில் வழிபாட்டுச் சிலைகளுக்கு அனுமதி இல்லை, சிறு பிள்ளையாராக இருந்தாலும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கண்ணாடி மூடியைச் சாரத்தில் சுற்றிக் கைப்பையில் கொண்டுபோங்கள், உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தீவில் கிடைப்பது கஷ்டம்.