பழைய கேமரா வாங்கப் போறீங்களா? கடை டியூப்லைட்டை நம்பாதீங்க

புதுச்சேரியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி7200 வாங்கிய நண்பருக்கு நடந்தது இது. "வீட்ல சும்மா கிடந்தது சார், எட்டாயிரம் படம்கூட எடுக்கல" என்று சொல்லி 18-140 லென்ஸோடு கொடுத்தார்கள். கடைக்குள் எடுத்த படமெல்லாம் பளிச். மறுநாள் விடியற்காலை கடலூர் தேவனாம்பட்டினத்தில் சூரியனுக்கு நேராகப் பிடித்ததும் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிட்டது. வானத்தில் ஏழெட்டுக் கரும்புள்ளி வேறு.

கடைக்குள் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 4, 5.6 என்று அகலமாக வைத்து எடுத்தால், சென்சாரில் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) படிந்த தூசி மங்கலாகக் கரைந்துபோகும். லேண்ட்ஸ்கேப்புக்கு நாம் எஃப் 11 வைப்போம்; எண் கூடினால் துளை சுருங்கும். அப்பர்ச்சர் சுருங்கச் சுருங்க அதே தூசி புள்ளியாகத் திரண்டு நிற்கும். லென்ஸ் ஃபங்கஸும் (கண்ணாடியில் படரும் பூஞ்சை) எதிர்வெளிச்சத்தில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். அதனால் இயற்கைக் காட்சி எடுக்க ஆசைப்படுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் கடைக்கு வெளியே வாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இப்படித் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்டால் போதும். ஃபங்கஸ் அப்படியில்லை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்கண்ணாடி வழியே பாருங்கள். சிலந்திவலைபோல மெல்லிய இழை ஓரத்தில் ஓடினால் வேண்டாம். கண்ணாடியின் மேல்பூச்சை (கோட்டிங்) ஃபங்கஸ் அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதற்குத் தீனி. லென்ஸ் மவுண்ட் (லென்ஸை கேமராவில் மாட்டும் வளையம்) ஸ்க்ரூவில் துரு இருந்தாலும் உப்புக்காற்று உள்ளே போயிருக்கலாம்.

ஷட்டர் கவுண்ட்டுக்கு, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்குக்கு, வாய்ச்சொல் உதவாது. நிக்கானில் ஒரு ஜேபெக் எடுத்து, மெமரி கார்டிலிருந்தே கம்ப்யூட்டரில் திறந்து எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் தகவல்) அதைக் காட்டும் மென்பொருளில் படியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விவரம் அழிந்துவிடும். கேனானில் பல மாடல்கள் ஷட்டர் கவுண்ட்டைப் படத்தில் எழுதுவதே இல்லை. நண்பரின் டி7200 காட்டியது 1,12,000-க்கும் மேல். அந்த ஷட்டரை நிக்கான் சோதித்திருப்பதே 1,50,000 முறைக்குத்தான்.

திருப்பிக் கேட்டபோது, "இது எங்க கடை பொருள்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்கள். பில்லில் 'கேமரா - 1' என்று மட்டும் இருந்தது. பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணையும், சொன்ன ஷட்டர் கவுண்ட்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.