அடையாள அட்டை இருந்தால் 18 ஆகிவிடுமா? மட்டக்களப்பு லொத்தர் கவுண்டர்கள், ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு பஸ் நிலையப் பக்கம் லொத்தர் விற்கும் சின்னப் பெட்டிக்கடை ஒன்று. இளம் முகமாக இருந்தால் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் டிக்கெட்டைக் கிழிக்கிறார்கள். மற்ற இடங்களில் பத்து விநாடியில் முடிகிற வேலை இங்கே அரை நிமிடம் எடுக்கும். பின்னேர பஸ்ஸைப் பிடிக்க நிற்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் வயது விதியை ஒழுங்காகப் பார்க்கிற கடை எது என்றால் இதைத்தான் காட்ட வேண்டும்.

லொத்தருக்கு 18 வயது. பல கவுண்டர்களில் அந்த விதி சீருடையோடு முடிந்துவிடுகிறது. வெள்ளைச் சேர்ட்டோடு வந்தால் இல்லை என்பார்கள். அதே பொடியன் பின்னேரம் ரீசேர்ட்டில் வந்தால் கேள்வியே இல்லை. கொஞ்சம் கவனமான இடங்களில் "ஐடி இருக்கா தம்பி?" என்று கேட்பார்கள். அட்டையை நீட்டினால் போதும், டிக்கெட் கைக்கு வந்துவிடும். பிழை அங்கேதான். தேசிய அடையாள அட்டை 15 வயதிலேயே எடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பையிலும் அது இருக்கும்.

இந்தக் கடையில் பிறந்த திகதியையும் இலக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூடும். 2008245 என்று தொடங்கினால் 2008 செப்டெம்பர் 1இல் பிறந்த ஆண், 2008745 என்றால் அதே நாளில் பிறந்த பெண். இருவருக்கும் 18 நிறைவது 2026 செப்டெம்பர் 1இல். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்று வைத்தே இந்த இலக்கம் போடப்படுகிறது. 365 நாள் ஆண்டில் சாதாரணக் கலண்டரை வைத்து எண்ணினால் மார்ச் 1இலிருந்து ஒரு நாள் பிசகும். பிறந்தநாளன்றே வந்து நிற்பவருக்குத்தான் அது தலையிடி. முடிவில் வீ அல்லது எக்ஸ் எழுத்துள்ள பழைய 9 இலக்க அட்டை என்றால் கணக்கே வேண்டாம். அதன் முதல் இரண்டு இலக்கமும் 1900களின் ஆண்டு, ஆள் 18ஐத் தாண்டி வெகுகாலம்.

போனில் எடுத்த அட்டைப் படத்தை இங்கே ஏற்பதில்லை. நல்ல முடிவு. திகதியைத் திருத்துகிறவன் இலக்கத்தைத் திருத்த மறப்பான் என்று நம்பியிருக்க முடியாது.

குறை இரண்டு. சின்னப் பரிசைக் கவுண்டரிலேயே காசாகக் கொடுக்கும்போது வயது பார்ப்பதில்லை. யாரோ வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு 15 வயதுப் பிள்ளை வந்தாலும் காசு போய்விடும். பெரிய பரிசுக்கு லொத்தர் சபையில் அடையாள அட்டை காட்டாமல் முடியாது. ஓட்டை சின்னத் தொகையில்தான். மற்றது, யாரிடம் அட்டை கேட்பது என்பது விற்பவரின் கண்மதிப்பு. பிரித்தானியாவில் 2021இல் தேசிய லொத்தர் வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தினார்கள். அங்குள்ள பல கடைகளில் 25க்குக் குறைவாகத் தெரிகிற எல்லாரிடமும் அட்டை கேட்பது வழக்கம். கண் ஐந்தாறு வருடம் பிழைத்தாலும் 18க்குக் குறைந்தவர் தப்பமாட்டார். இங்கேயும் அப்படி ஒரு கோட்டைக் கீறிவிட்டால், "என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீங்க?" என்ற சண்டையும் குறையும்.

சிகரெட்டும் விற்கிற கடைகளில் இன்னொரு குழப்பம். புகையிலைக்கும் மதுவுக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது. லொத்தருக்குப் பார்த்த 18ஐயே நினைவில் வைத்து சிகரெட்டையும் கொடுத்து மாட்டுகிறவர்கள் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ பொலிஸோ மதுவரி அதிகாரியோ வந்தால் வழக்குத்தான்.

லொத்தரைப் போனில் வாங்குவது இன்னும் பலவீனம். கணக்குத் திறக்கும்போது ஒருமுறை வயது பார்ப்பதோடு சரி. அப்பாவின் போனைப் பிள்ளை எடுத்தால், உறுதிப்படுத்தும் குறியீடும் அதே போனுக்குத்தான் வரும். போனுக்கும் லொத்தர் செயலிக்கும் வேறுவேறு இரகசிய இலக்கம் (PIN) போடுங்கள். பிறந்த ஆண்டைப் போடாதீர்கள், வீட்டில் அதைத்தான் முதலில் அடித்துப் பார்ப்பார்கள்.

பெட்டிக்கடைக்கு ஐந்தில் நாலு. பரிசு கொடுக்கும்போதும் அட்டையைப் பார்த்தால் ஐந்து.