தோளில் கால்சியம் படிவு: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கும் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் தோள்வலி புதிதல்ல. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, அப்படியும் கை மேலே எழாதபோதுதான் டாக்டரிடம் போகிறார்கள். அப்புறம் பேச்சு நேராக எம்.ஆர்.ஐ.க்குத் தாவிவிடுகிறது. "கோயம்புத்தூர் இறங்கிப் பெரிய ஸ்கேனே எடுத்துட்டு வந்துடலாம்" என்று வீட்டில் முடிவாகிவிடும். தசைநாரில் கால்சியம் சேர்ந்திருக்குமோ என்பதுதான் சந்தேகம் என்றால், இந்த வரிசை தலைகீழ்.

எலும்பில் உள்ளதைப் போன்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் தோளின் தசைநார்களில் சேர்வதுதான் இந்தப் படிவு. பெரும்பாலும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற மேல் தசைநாரில் சேரும். 30 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் சற்று அதிகம். பால் குடிப்பதால் இது வருவதில்லை. பாலை நிறுத்தவே வேண்டாம். தோட்ட வேலை மீது மட்டும் பழி போடவும் முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் வருகிறது.

எக்ஸ்ரேயில்தான் தொடங்க வேண்டும். செலவு குறைவு, மலையிலேயே எடுக்கலாம். கதிர்வீச்சும் சுமார் 0.01 மில்லிசீவர்ட்தான், இயற்கையாகவே ஓரிரு நாளில் நம்மேல் படுகிற அளவு. ஆனால் ஒரே படத்தோடு திரும்பி வராதீர்கள். கையை உள்பக்கம் திருப்பி ஒன்று, வெளிப்பக்கம் திருப்பி ஒன்று எடுக்க வேண்டும். இல்லையென்றால் படிவு மேற்கை எலும்பின் நிழலில் மறைந்துபோகும். விளிம்பு தெளிவாக, அடர்த்தியாகத் தெரிந்தால் படிவு இன்னும் இறுகி இருக்கிறது. மேகம் போலக் கலங்கித் தெரிந்தால், உடல் அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கும் கடும் வலி பெரும்பாலும் இந்தக் கரையும் கட்டத்தில்தான் வரும். வலி உச்சத்தில் இருக்கும்போதே படிவு குறையத் தொடங்கியிருக்கலாம் என்பது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

என் ஓட்டு அடுத்ததான அல்ட்ராசவுண்டுக்கு. கையைப் பின்னால் இடுப்பில் வைக்கச் சொல்லி, தோளின் முன்பக்கம் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். படிவு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இறுகியிருந்தால் அதன் பின்னே கறுப்பு நிழல் விழும்; பற்பசை போல இளகியிருந்தால் நிழல் மங்கும், அல்லது விழவே விழாது. டாப்ளர் போட்டால் சுற்றிலும் ரத்த ஓட்டம் கூடியிருப்பதும் தெரியும். எம்.ஆர்.ஐ. போலன்றி, கையை அசைக்கச் சொல்லியபடியே பார்க்கலாம். இன்னொரு பெரிய வசதி, இதே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, உப்புநீரால் கழுவிப் படிவை உறிஞ்சி எடுக்கவும் முடியும். சிரிஞ்சுக்குள் வெள்ளையாகக் கலங்கி வரும். குறை ஒன்று: பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தே பலன். வயிறு ஸ்கேன் மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் போகாமல், மூட்டு ஸ்கேன் பார்ப்பவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் செலவு மிகுந்த எம்.ஆர்.ஐ.தான் கால்சியத்தைக் காட்டுவதில் பின்தங்குகிறது. அதில் நல்ல தசைநாரும் கறுப்பு, கால்சியமும் கறுப்பு. சின்னப் படிவு கண்ணில் படாமலே போகலாம். சுற்றியுள்ள நீர் வீக்கத்தைக் கிழிசல் என்றோ தொற்று என்றோ எண்ணிவிடவும் வாய்ப்பு உண்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றால், எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தசைநார் கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம், அறுவை சிகிச்சைத் திட்டம், மூட்டுக்குள் வேறு கோளாறு என்றால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அப்போது மலை இறங்கத் தயங்க வேண்டாம். சி.டி. அரிதாகத்தான், படிவு எலும்பை அரித்திருக்கிறதா என்று பார்க்க.

எதில் தெரிந்தாலும், படிவு இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது. வலியே இல்லாத பலர் தோளிலும் அது இருக்கிறது. பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரியாகிவிடும். ஆனால் காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ, வழுக்கி விழுந்தபின் கை எழாமல் போனாலோ அன்றே காட்டுங்கள். தோள்வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் சேர்ந்தால் எந்த ஸ்கேனையும் யோசிக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.