ஸ்கேனரைச் செருகியதுமே "மாட்யூல் போயிடுச்சு" என்பவரிடம் காரை விடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அதிலும் டேஷ்போர்டில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, தாமாகவே அணைகிற கார் என்றால் ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றிய இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே கேட்ட அதே பேச்சை வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன்.

என் காரில் தொந்தரவு இதுதான்: இரவில் ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் தானாக ஒரு முறை ஓடி நிற்கும். சென்ட்ரல் லாக் சும்மா இருக்கும்போதே பூட்டித் திறக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் விளக்குகள் சேர்ந்தாற்போல் எரியும். சில சமயம் ஸ்டார்ட்டே ஆகாது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். மழை பெய்த மறுநாள் எல்லாமே இன்னும் மோசம். இத்தனையையும் விவரமாகச் சொன்னேன். ஹெட்லைட், மழை என்ற இரண்டு தடயங்கள் போதும், வயரிங் தெரிந்தவர் எங்கே கை வைக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார். அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

காரின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். யு0100, யு0140 என்று 'யு' வரிசைக் கோடுகள் வந்தன. "சார், பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு. உங்க வண்டிக்குப் புதுசு இப்ப வர்றதில்லை. செகண்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு, போட்டுடலாம்" என்றார் அங்கிருந்தவர். விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டிதான் இந்த பாடி கன்ட்ரோல் மாட்யூல். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. மல்டிமீட்டர் கண்ணிலேயே படவில்லை.

அந்தக் கோடுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? இன்ஜினை இயக்கும் மாட்யூலோடு (ஈசிஎம்) தொடர்பு கிடைக்கவில்லை என்பது யு0100. பாடி மாட்யூலோடு கிடைக்கவில்லை என்பது யு0140. அவ்வளவுதான். போன் எடுக்காதவர் செத்துப்போய்விட்டார் என்று முடிவு கட்டுவதற்கும், இதை வைத்து மாட்யூல் போய்விட்டது என்பதற்கும் வித்தியாசமில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கெட்டிருக்கலாம், கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் அதே லைனில் இருக்கும் வேறொரு மாட்யூல் ஷார்ட் ஆகி எல்லாருடைய பேச்சையும் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இதில் ஒன்றையும் பார்க்காமல் மாட்யூலைக் கழற்றுவது வெறும் ஊகம். அந்த ஊகத்துக்கான செலவு மட்டும் நம்முடையது.

மாட்யூலை மாற்றிய பிறகு கார் சுத்தமாக ஸ்டார்ட் ஆகவில்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் தடுத்தது. சாவியில் இருக்கும் சிப்பும் காரில் இருக்கும் மாட்யூலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் பல கார்களில் இன்ஜின் உயிர் பெறும். வேறொரு காரிலிருந்து எடுத்த மாட்யூலுக்கு என் சாவி எப்படித் தெரியும்? அதைப் பழக்கும் வேலைதான் கோடிங். "கோடிங் தனி வேலை சார், தனி சார்ஜ்" என்றார்கள். முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கோடிங் முடிந்து வண்டி கைக்கு வந்தபோது பின் வைப்பர் வேலை செய்யவில்லை. அவர்கள் போட்டது பின் வைப்பரே இல்லாத வேரியன்ட்டின் மாட்யூல்.

அடுத்த மழைக்குப் பழைய தொந்தரவுகள் அத்தனையும் திரும்பி வந்தன. இப்போது கதை மாறியது. "பழைய மாட்யூல் ஈசிஎம்மையும் அடிச்சிருக்கு சார், அதையும் மாத்தணும்." சரி, அந்தப் பழைய மாட்யூலைக் கொடுங்கள் என்றேன். "அதைத் தூக்கிப் போட்டாச்சே!" எந்தக் காரில் 'செகண்ட்ஸ்' என்ற பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறதோ.

அதன் பிறகு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஸ்கேனரைக் கடைசியில்தான் எடுத்தார். முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ்; ஓடும்போது சுமார் 14. இரண்டும் சரியாக இருந்தன. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மாட்யூலின் எர்த் பின்னிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். எர்த் நன்றாக இருந்தால் அங்கே 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என் காரில் ஒரு வோல்ட்டைத் தாண்டிப் போனது. பேட்டரி ட்ரேயைக் கழற்றினால், அடியில் பாடியோடு சேரும் எர்த் வயரின் முனை வளையம் (லக்) முழுக்கக் களிம்பு ஏறி, பாதி இழைகள் அரித்துப் போயிருந்தன. மழைத்தண்ணீர் வெளியேறும் துளையை இலைச்சருகு அடைத்து, தண்ணீர் அங்கேயே தேங்கிக்கொண்டிருந்தது.

வைப்பர் ஏன் ஓடியது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. எர்த் வழியில் தடை இருக்கும்போது ஹெட்லைட் இழுக்கும் பெரிய கரண்ட் அதன் வழியே போனால், பூஜ்யமாக இருக்க வேண்டிய எர்த் பூஜ்யமாக இருப்பதில்லை. சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பல மாட்யூல்கள் வோல்டேஜ் அளவை வைத்தே புரிந்துகொள்கின்றன. அடிமட்டமே நகர்ந்துவிட்டால் அளவு தப்பாகிறது; யாரும் போடாத வைப்பரை யாரோ போட்டதாக மாட்யூல் நினைத்துக்கொள்கிறது. கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்ற சோதனை) மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு அகப்படாது என்பதையும் அவர் காட்டினார். அறுந்துகொண்டிருக்கும் வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' அடிக்கும். லோடு போட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

கேன் லைன் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) உள்ள கார் என்றால் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம், 14-ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் அளவில் வரும். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதுதான் காரணம். 120 வந்தால் ஏதோ ஒரு பக்கம் துண்டிப்பு; பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ரொம்பப் பழைய கார்களில் கேன் லைனே இருக்காது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

மாட்யூல் கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் புகுந்து கெடும், பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றி இணைத்தால் கெடும், சால்டர் விரிசல் விடும். 1980-90களின் ஈசிஎம்கள் சிலவற்றில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டையே அரிப்பதும் உண்டு. இவற்றில் பலவற்றைப் போர்டைத் திறந்து சரிசெய்யவும் முடியும், அதனால்தான் பழைய மாட்யூலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பவர், எர்த், லைன், உள்ளே வரும் சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் வெளியே போக வேண்டியது போகவில்லை என்று அளந்து காட்டிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். அளந்த எண்களை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய பார்ட் திரும்ப வேண்டும், கோடிங் செலவும் இதிலேயே அடக்கம் என்ற இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

எர்த் வயரை மாற்றியதோடு தொந்தரவு நின்றது. போய்விட்டதாக அவர்கள் சொன்ன அதே ஈசிஎம்தான் இன்னும் காரில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, எலக்ட்ரிக்கல் பார்ட்டுகளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். போடக் கூடாத மாட்யூலைப் போட்டதற்கும் அந்த வரி பொருந்துமா என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.