மச்சானைச் சேர்த்த குடிநோய் வார்டு: ஒரு மோட்டார் வைண்டிங்காரனின் ரிவ்யூ

ஆஸ்பத்திரியின் பெயர் இதில் இருக்காது. மச்சான் வேலை பார்க்கும் மில்லில் பாதிப் பேர் செல்போனும் கையுமாக இருப்பவர்கள். "எழுதுங்க மாப்ள, பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். கோவையில் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடியில் 12 கட்டில் போட்ட குடிநோய் வார்டு. அங்கே 24 நாள் இருந்தார். மொத்தம் 71,000 ரூபாய் ஆனது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

மச்சானுக்கு 46 வயது, 19 வருடக் குடி, தினமும் இரண்டு குவாட்டர். கவுன்சிலர் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து அவரையே கணக்குப் போட வைத்தார். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 60 கிராம். இரண்டுக்கு 120. "தினமும் ஒரு டம்ளர் ஸ்பிரிட்டா?" என்று அவரே கேட்டுவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்கு முன் வேறு ஒரு இடத்தில் காட்டியிருந்தோம். கை நடுங்குகிறது என்று போனால் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, தெம்பாகிவிடும் என்று அனுப்பினார்கள். இங்கே இரவு 11 மணிக்குப் போய் நின்றபோது நர்ஸ் முதலில் எடுத்தது தையமின் ஊசி. "குளுக்கோஸ் அப்புறம்தாங்க" என்றார். தையமின் என்பது பி1 வைட்டமின். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலிருந்தும் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. குளுக்கோஸை எரிக்க அது வேண்டும். கையிருப்பே இல்லாதவருக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சம் மீதியும் தீர்ந்துவிடும். கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். 1881-லேயே வெர்னிக்கி என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்த கோளாறு இது. அதையும் கவனிக்காமல் விட்டால் ஞாபகம் போய், நடக்காததை நடந்ததாகச் சொல்லும் நிலை வருமாம். முதல் இடத்தில் எங்களுக்கு ஏதோ அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அடுத்து நான் போட்ட சண்டை. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 116. சராசரி ஆளுக்கு 135-க்கு மேல் இருக்க வேண்டும். மறுநாள் காலை 123, அதற்கடுத்த நாள் 129. "உப்புதானே, ஒரே நாளில் ஏற்றிவிட்டால் என்ன? பில் ஏறட்டும் என்று இழுக்கிறீர்களா?" என்று வராண்டாவில் நின்று கத்தினேன். டாக்டர் மேடம் சின்ன வயசுதான். கோபப்படவில்லை. "சார், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏற விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஏன்னு காட்டறேன்" என்றார்.

ஞாயிறு பத்து மணிக்குப் போனேன். ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மச்சானின் மூளை அக்ரூட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது, ஆனால் மடிப்புகளுக்கு நடுவே பள்ளம் அகலமாக இருந்தது. நடுவிலிருக்கும் நீர்ப்பையும் பெரிதாகத் தெரிந்தது. நான் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "குடிச்சுக் குடிச்சு மூளை செல்லெல்லாம் செத்துப்போச்சுங்களா?"

"எந்த செல்?" என்று திருப்பிக் கேட்டார்.

நரம்பு செல் ஒன்றுதான் மூளை என்று நான் நினைத்திருந்தேன். அவை சுமார் 8,600 கோடி. அதே அளவுக்கு உதவி செல்களும் உண்டு. கிளியா என்கிறார்கள், கிரேக்க மொழியில் பசை என்று அர்த்தம். ஒரு காலத்தில் நரம்பு செல்லை ஒட்டவைக்கும் பசை என்றே நினைத்தார்களாம். நரம்பு செல்லைப் போலப் பத்து மடங்கு இருப்பதாகவும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய சரிக்குச் சரிதான். நீண்ட காலம் குடித்து இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இந்த உதவி செல்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதுவும் முடிவெடுக்கும் முன்பகுதியிலும் ஞாபகத்துக்கான இடத்திலும். நரம்பு செல்லும் சில இடங்களில் சாகத்தான் செய்கிறது. ஆனால் மூளை சுருங்கியதில் பெரிய பங்கு வெள்ளைப் பகுதிக்கு. அது நரம்பிழைகளும் அவற்றின் மேலுறையும்.

மேலுறை என்றதும் எனக்கு விஷயம் கைக்கு வந்துவிட்டது. என் பட்டறைக்கு வரும் மோட்டாரில் செம்பு அப்படியே இருக்கும், அதன் மேல் பூச்சான எனாமல் போயிருக்கும். சூட்டில் வெந்து, கம்பியும் கம்பியும் தொட்டு, ஷார்ட். இன்சுலேஷன் பார்க்கும் மீட்டரான மெகரை வைத்தால் முள் கீழே படுத்துவிடும். "அப்ப இது இன்சுலேஷன் ஃபெயிலியருங்களா மேடம்?" என்றேன். சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா உங்க எனாமலுக்கு உயிர் இல்லை, இதுக்கு இருக்கு."

ஆலிகோடென்ட்ரோசைட் என்று ஒரு செல். பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரே செல் பல கைகளை நீட்டிப் பத்து, இருபது, சிலசமயம் ஐம்பது இழைகளுக்குக்கூட உறை சுற்றும். அது ஒன்று செத்தால் அத்தனை இழையிலும் ஒரு துண்டு அம்மணம். நட்சத்திர வடிவில் இன்னொரு வகை. நரம்பு செல் கொட்டும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை உறிஞ்சித் துடைப்பது, கல்லீரல் கெட்டவர்களுக்கு மூளைக்குள் வரும் அம்மோனியாவைக் கட்டிப்போடுவது எல்லாம் அதன் வேலை. மூன்றாவது வகை காவல்காரன். குடி அதை எந்நேரமும் உசுப்பிக்கொண்டே இருப்பதால் சொந்த வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிக்கும்.

சோடியம் கதை இங்கேதான் வந்தது. உப்புக் குறைந்த ரத்தத்துக்குப் பழகிப்போய் இந்த செல்கள் தங்களுக்குள் இருப்பதையும் குறைத்துக்கொண்டிருக்கும். வெளியே திடீரென்று உப்பை ஏற்றினால் தண்ணீரை இழந்து சுருங்கும், உறை சுற்றும் செல்லும் அதில் சாகும். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற இடத்தில் உறை மொத்தமாகப் போய்விட்டால் ஆள் விழித்திருப்பார். பேச முடியாது, விழுங்க முடியாது, கை கால் வராது. குடிநோயாளிகளிடம் பார்த்து 1959-லேயே எழுதியிருக்கிறார்கள். வராண்டாவில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க, கேக்கறவங்கதான் கேப்பாங்க" என்றார். நான்கு நட்சத்திரத்தில் மூன்று அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான்.

முழுசாகத் திரும்புமா என்று கேட்டேன். சமாதானம் சொல்லாமல் பதில் சொன்னார். செத்த நரம்பு செல்லுக்கு மாற்று வருவதை நம்பி இருக்க முடியாது. உறை சுற்றும் செல்லுக்கோ நாற்றங்கால் மாதிரி இளம் செல்கள் பெரியவர்கள் மூளையிலும் உண்டு, அதிலிருந்து புதிது வரும். குடியை விட்டவர்களுக்குச் சுருங்கிய மூளை ஓரளவு திரும்பப் பருப்பது ஸ்கேனில் தெரிகிறது, அதுவும் முதல் சில வாரங்களில் வேகமாக. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். இடையில் ஒரு வாரம் குடித்தாலும் நஷ்டம்தான்.

வார்டு டைல்ஸில் ஒரு நேர்கோடு. அதன்மேல் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்க வேண்டும். சேர்ந்து ஐந்தாம் நாள் மூன்றாவது அடியிலேயே சுவரைப் பிடித்தார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஒன்பது அடி. பத்தாவதில் லேசாகச் சாய்ந்து, தங்கச்சியைப் பார்த்து, "செருப்பு லூசு" என்றார். வெறுங்காலில்தான் நின்றிருந்தார்.

இனி குறை. சாப்பாடு சுமார், வாரத்தில் நாலு நாள் ரவை உப்புமா. வைட்டமின் சாப்பாட்டில் இல்லாததால்தானே இந்தக் கூத்து, ஒரு கைப்பிடி பயறாவது போட்டிருக்கலாம். பில்லில் கையுறை, பஞ்சு என்று தனியாக 3,800, கேட்டபிறகுதான் விவரம் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். மாத்திரையைக் காலையில் கொடுப்பதா ராத்திரியா என்று என் மனைவி மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டார். அங்கேதான் ஒரு நட்சத்திரம் போனது.

சேர்க்கப் போகிறவர்களுக்கு: ஷேவிங் லோஷன், சானிடைசர், இருமல் மருந்து எதையும் பையில் வைக்காதீர்கள், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். பார்க்க விடுவது ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். மறுபரிசோதனை புதன்கிழமை. ஒன்பது மணிக்குள் டோக்கன் வாங்காவிட்டால் மதியம் ஆகிவிடும். கார் நிறுத்த இடம் கிடையாது, பைக்கில் போங்கள்.